மதியம் 12.15-க்குத் திறக்கும் டப்பா

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்த மறு வாரமே டேகேரில் விட வேண்டி வந்தது. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, காலை ஏழே காலுக்கு மூஞ்சிக்கல்லில் பஸ் பிடித்தாக வேண்டும். எனக்குக் கொடைக்கானலில் கெய்சர், ஹீட்டர் பழுது பார்க்கும் வேலை. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும். ஆகவே பாப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கட்டி, எட்டரைக்கு டேகேரில் விடுவது என் பங்கு என்று முடிவாயிற்று.

டேகேர் என்பது நாயுடுபுரம் பக்கம் ஒரு வீட்டின் முன்கூடம். ஓர் அக்கா, உதவிக்கு ஒரு பெண், ஒன்பது குழந்தைகள். பத்தரைக்கு ஒரு தீனி, 12.15-க்கு மதியச் சாப்பாடு, மூன்றரைக்கு இன்னொரு தீனி. மூன்றையும் வீட்டிலிருந்தே கொடுத்தனுப்ப வேண்டும். ஒற்றை அடுப்பில் ஒன்பது டப்பாவைச் சூடு பண்ண முடியாது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். அது நியாயமான பேச்சு.

இது ஜனவரி முதல் மார்ச் வரை நான் எழுதி வைத்த குறிப்பேட்டிலிருந்து எடுத்தது. வேலைக்குப் போகும் இடத்தில் எந்த கெய்சருக்கு என்ன செய்தேன் என்று எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அதே நோட்டின் பின்பக்கத்தில் பாப்பாவின் டப்பாவும் ஏறியது.

முதல் நாள் பருப்பு சாதம். நன்றாகக் குழைத்து, நெய் விட்டு, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேலே துண்டு சுற்றி அனுப்பினேன். வீட்டில் ஊட்டியபோது ஆ என்று வாயைத் திறந்து வாங்கிய அதே சாதம். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன். சாதம் டப்பாவின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக நின்றது. மேலே நெய் உறைந்து மெழுகு போல வெள்ளையாக இருந்தது. "ரெண்டு வாய் வாங்குச்சு தம்பி, அப்புறம் துப்பிருச்சு. பாலைக் குடுத்துத்தான் தூங்க வச்சேன்" என்றார் அக்கா. அன்று இரவு பாப்பா மூன்று முறை பசித்து எழுந்தாள். எனக்கு அதற்குப் பிறகு தூக்கமே வரவில்லை.

நான் சமைத்த சாதத்தில் குற்றமில்லை. காலை 7.45-க்கு நன்றாக இருக்கும் சாதத்தைச் சமைத்தேன், பாப்பா சாப்பிட்டதோ 12.15-க்கு. இடையில் நாலரை மணி நேரம். அந்த நாலரை மணி நேரத்தில் சாதம் என்ன ஆகிறது என்று நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க ஒரே வழிதான் தெரிந்தது. மறுநாள் முதல் இரண்டு டப்பா கட்டினேன். ஒன்று பாப்பாவுக்கு, அதே அளவு, அதே சாப்பாடு இன்னொன்று எனக்கு. எந்த வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும் 12.15-க்கு என் டப்பாவைத் திறந்து, தெர்மாமீட்டரை நடுவில் குத்தி, எண்ணை எழுதிக்கொண்டு, அதையே சாப்பிடுவேன். தெர்மாமீட்டர் சமையலுக்கென்று தனியாக வாங்கியது. கெய்சரில் விடுவதைச் சோற்றில் விடக் கூடாது.

முதல் எண்: டப்பாவில் போடும்போது 78 டிகிரி, திறக்கும்போது 17. துண்டு சுற்றியதற்குப் பலனே இல்லை. வாயில் போட்டுப் பார்த்தால் பருக்கை பருக்கையாக நின்றது. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும், அதனால்தான் காலையில் குழைந்த சாதம் மதியம் விறைத்துப் போகிறது. கடைவாய்ப் பல் வராத குழந்தைக்கு அது ஆகாது. முன் பற்கள் ஆறு இருக்கின்றன, கடித்துத் துண்டாக்க மட்டும் உதவும். அரைக்கும் பல் 13 மாதத்துக்கு மேல்தான் முளைக்கத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சமைத்த சாப்பாடு ஒன்று 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமி வளரும். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்து கொதிக்கும் நீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு உண்டான பிறகு சூடு பண்ணினாலும் போகாது. நம் ஊர்க் குளிரில் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை இங்கே பல வீடுகளில் உண்டு, என் வீட்டிலும் இருந்தது. ஜனவரியில் என் அடுக்களை காலையில் 11 டிகிரி, மதியம் 16. குளிர்தான், ஆனால் அது ஃப்ரிட்ஜ் ஆகாது. சுடச்சுடப் போட்ட டப்பா அந்த 16-க்கு இறங்கி வருவதற்குள் ஆபத்தான இடத்தைக் கடந்துதான் வருகிறது.

அடுத்தது பிளாஸ்க். வீட்டில் ஏற்கெனவே ஒரு 500 மில்லி அகல வாய் பிளாஸ்க் இருந்தது. பாதிக்குச் சாதம் போட்டேன். 76-இல் போட்டது 44-இல் திறந்தது. எனக்கே ஆச்சரியம். கெய்சர் தொட்டிக்கும் பிளாஸ்க்குக்கும் வேலை ஒன்றுதானே, இவ்வளவு எப்படி விட்டுப் போகும் என்று யோசித்தபோதுதான் மூன்று தப்பும் தெரிந்தது.

முதல் தப்பு, பிளாஸ்க்கின் உள்சுவரே 11 டிகிரிக் குளிரில் இருந்தது. சாதத்தின் சூட்டை முதலில் அந்த எஃகு குடித்துவிடுகிறது. கொதிக்கிற தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் வைத்துக் கொட்டிய பிறகு சாதம் போட்டேன். 78-இல் போட்டது 51-இல் திறந்தது. இழப்பில் ஐந்து டிகிரி அங்கேயே மிச்சம்.

இரண்டாவது, பாதி பிளாஸ்க்கில் பாதி காற்று. கொஞ்சமான சாப்பாடு சீக்கிரம் ஆறும். ஒரு வயதுக் குழந்தை ஒரு வேளைக்குச் சாப்பிடுவது, உலக சுகாதார நிறுவனக் கணக்கில், 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம். அதற்கு 500 மில்லி பிளாஸ்க் தேவையே இல்லை. 300 மில்லி பிளாஸ்க் வாங்கினேன். பாப்பா கால்வாசி மிச்சம் வைத்தாலும் பரவாயில்லை என்று கழுத்து வரை நிரப்புகிறேன். மிச்சத்தை அக்கா கொட்டிவிடுவார், சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

மூன்றாவதுதான் என் சொந்தத் தப்பு. குக்கரிலிருந்து எடுத்த சாதத்தைக் குளிர்ந்த கிண்ணத்தில் கொட்டி, மத்தால் மசித்து, காய் சேர்த்து, நெய் விட்டு, நிதானமாகப் பிளாஸ்க்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாலைந்து நிமிடத்தில் பதினைந்து டிகிரி போயிருக்கும். இப்போது வெந்த பாத்திரத்திலேயே மசித்து, கொதிக்கும் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டு, அப்படியே கரண்டியால் பிளாஸ்க்குக்கு மாற்றுகிறேன். மூன்றையும் சேர்த்துச் செய்த அன்று 90-இல் மூடியது, 66-இல் திறந்தது. அன்றைக்கு நான் ஒரு வீட்டு மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவிலிருந்து ஆவி பறந்ததைப் பார்த்ததும் மனைவிக்கு போன் செய்து எண்ணைச் சொன்னேன்.

உலர்ந்த சாப்பாடு இந்த அளவு சூட்டைப் பிடிக்காது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் ரவை உப்புமாவை அதே பிளாஸ்க்கில் அதே மாதிரி கட்டிப் பார்த்தேன், 58-க்கு வந்துவிட்டது. தண்ணீர் அதிகமுள்ள குழைசாதம், கஞ்சி, கூழ் இவைதான் பிளாஸ்க்குக்கு.

66 டிகிரி என்றால் குழந்தையின் வாய் வெந்துவிடும் என்பதை அந்த மகிழ்ச்சியில் மறக்கவில்லை. அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னேன்: பிளாஸ்க்கிலிருந்து நேராக ஊட்டக் கூடாது, தட்டில் கொட்டிப் பரத்தி, ஐந்து நிமிடம் விட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டு ஊட்ட வேண்டும். அதற்கென்று ஓரம் தாழ்ந்த ஒரு சின்ன எவர்சில்வர் தட்டையும் பையிலேயே வைத்தனுப்புகிறேன். சூடாகக் கட்டி அனுப்புகிறவர்கள் இந்தத் தட்டை மறக்கவே கூடாது.

மூன்றாம் வாரம் ஒரு நாள் பிளாஸ்க் திறக்கவே இல்லை. அக்காவும் திருகிப் பார்த்து, அந்தப் பெண்ணும் திருகிப் பார்த்து, கடைசியில் எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டுத் திறந்திருக்கிறார்கள். ஒரு மணி ஆகிவிட்டது. பாப்பா அழுது களைத்துப் பாதி தூக்கத்தில் சாப்பிட்டிருக்கிறாள். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். சுடச்சுட மூடினால் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். அது ஆறி நீராகும்போது உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியின் நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கும் பிளாஸ்க்குகள் உண்டு, அதை அழுத்தினால் காற்று உள்ளே போய் மூடி தானாகத் தளரும். என்னுடையதில் அது இல்லை. மறுநாளே குமிழ் உள்ளதாக மாற்றினேன். வாங்கும்போது எல்லோரும் பார்க்க வேண்டியது அந்தக் குமிழைத்தான், மேலே இருக்கும் யானைப் படத்தை அல்ல. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும் நாளில் இது இன்னும் தொல்லை. கீழே காற்றழுத்தம் அதிகம். மலை ஏறி வரும் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்கும் அல்லவா, அதன் மறுபக்கம் இது. இங்கே மூடிய பிளாஸ்க் அங்கே போனால் இன்னும் இறுகும்.

இனி சமையல். இது மலைமேல் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு, சமவெளியில் எழுதிய சமையல் குறிப்பு எதுவும் அப்படியே பொருந்தாது. கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். என் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டர் 93 காட்டுகிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஏறாது. கேரட்டைத் திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் அரை மணி நேரம் கழித்தும் நடுவில் ஒரு நறுக்கு நிற்கும். குக்கரும் முழுப் பரிகாரம் இல்லை. வெயிட் கொடுக்கும் அழுத்தம் எங்கேயும் ஒன்றுதான், ஆனால் அது ஏறி உட்காரும் காற்றழுத்தம் இங்கே குறைவு. கீழே குக்கருக்குள் 120-ஐத் தொடும் சூடு இங்கே 117-க்குள் நின்றுவிடும். அம்மா போனில், "மூணு விசில் விடு, பருப்பு மலர்ந்துரும்டா" என்பார்கள். வத்தலக்குண்டில் மலரும். இங்கே அரை மணி நேரம் ஊறவைத்த பாசிப்பருப்புக்கே ஐந்து விசில், பிறகு வெயிட்டைத் தூக்காமல் தானாக அடங்கும் வரை விடுகிறேன். துவரம்பருப்பு என்றால் ஏழு.

வெந்ததா என்று பார்க்க விசிலை நம்புவதில்லை. ஒரு துண்டு கேரட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துவேன். வழுக்கி ஓடினால் வேகவில்லை. அப்படியே நசுங்கினால் பாப்பாவின் ஈறும் அதை நசுக்கும்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் போகும் குழைசாதத்தின் அளவு இது. பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கேரட்டோ, சௌசௌவோ, பீட்ரூட்டோ பொடியாக நறுக்கியது ஒரு கைப்பிடி, மஞ்சள் தூள் சிட்டிகை, சீரகத்தூள் சிட்டிகை, ஒரு பல் மலைப்பூண்டு, 200 மில்லி தண்ணீர். ஒரு சின்னப் பாத்திரத்தில் போட்டுக் குக்கருக்குள் வைத்து ஐந்து விசில். அடங்கியதும் மசித்து, உப்பு மிகச் சிறிது, நெய் ஒரு தேக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஒரு சின்னக் குழிக்கரண்டி. ஒரு கொதி. அடுப்பை விட்டு இறக்கும்போது அது சாதம் போலவே இருக்கக் கூடாது, கரண்டியைச் சாய்த்தால் ஒழுக வேண்டும். பிளாஸ்க்குக்குள் நாலரை மணி நேரம் அரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் கஞ்சியாகக் கட்டியது மதியம் சாதமாகத் திறக்கும். காலையில் சரியாக இருந்தது மதியம் களியாகிவிடும். என் டப்பாவைத் தினம் நானே தின்று பார்த்துத்தான் இந்தத் தண்ணீர் அளவுக்கு வந்தேன்.

முட்டை அனுப்புவதற்கும் பிளாஸ்க்தான் வழி. அவித்த முட்டையை டப்பாவில் போட்டால் மதியத்துக்குள் வாடை, மஞ்சள் கரு மாவாக உதிர்ந்து தொண்டையில் ஒட்டும். அதனால் கடைசிக் கொதியின்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றி, முழுக்க வெந்து திரியும் வரை கிளறி, சாதத்தோடு சேர்த்துவிடுகிறேன். அக்கா வீட்டில் முட்டை புழங்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். சில வீடுகளில் ஆகாது, அதைக் கேட்காமல் அனுப்பக் கூடாது.

நான் இவ்வளவு நாள் மதியச் சாப்பாட்டையே கவனித்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கும் மூன்றரைக்கும் ராகிக் கூழ், பழக்கூழ் என்று கிண்ணத்தில் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, ஒம்பது புள்ளைக்கு எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. ஸ்பூன்ல ஊட்டுறது மத்தியானம் ஒருவேளை போதும். மத்த ரெண்டும் அதுவா எடுத்துத் திங்கிற மாதிரி குடுங்க. திங்கிறதுக்கு அதுக்குத் தெரியும்." நான் பாப்பாவை அதுவரை தானாக எடுத்துச் சாப்பிட விட்டதே இல்லை. வீட்டில் இறைக்கும், நேரமாகும் என்று நாங்களே ஊட்டிவிடுவோம். அன்று இரவு தட்டில் நாலு துண்டு வெந்த கேரட்டை வைத்துவிட்டு நானும் மனைவியும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தோம். ஒன்றை எடுத்து நசுக்கினாள், ஒன்றைக் கீழே போட்டாள், மூன்றாவதை வாயில் வைத்து, ஈறால் அரைத்து, விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு கைத்தீனிதான். இந்த விஷயத்தில் பழனிமலைக்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. மலைவாழைப்பழம் ஒன்று போதும், அதற்கு டப்பாவே வேண்டாம். விருப்பாச்சியும் சிறுமலையும் புவிசார் குறியீடு வாங்கிய பழங்கள், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறவை. நீர் குறைவு, சதை இறுக்கம், அதனால் குழந்தை பிடித்தால் கையில் கூழாகாது. தோலோடு அனுப்புகிறேன். அக்கா பாதி தோலை உரித்துக் கொடுத்தால், மீதித் தோலே கைப்பிடி. முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்களில் இந்த வாழை அழிந்து குறைந்த கதையை அப்பா சொல்வார். கிடைக்கும்போது நல்ல பழமாகப் பார்த்து வாங்கிவிடுகிறேன்.

பட்டர் ஃப்ரூட் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து வரும். நறுக்கி அனுப்பினால் பத்தரைக்குள் கறுத்துப்போகிறது. எலுமிச்சை தடவிப் பார்த்தேன், கறுப்பு குறைந்தது, ஆனால் புளிப்புக்கு முகத்தைச் சுளித்தாள். இப்போது சின்னப் பழமாக முழுசாக அனுப்புகிறேன், அக்கா அங்கே வெட்டிக் கொடுக்கிறார். வழுக்கிக்கொண்டு கையில் நிற்காததால் துண்டுகளைச் சத்துமாவில் புரட்டிக் கொடுக்கும் யோசனையும் அக்காவுடையதுதான். அங்கன்வாடியில் கொடுக்கும் மாவில் வெல்லம் இருக்கும், அதனால் வீட்டில் வறுத்து அரைத்த ராகி, பொட்டுக்கடலை மாவை ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன்.

பட்டர் பீன்ஸ் சந்தையில் வரும் காலத்தில் அதைவிட நல்ல கைத்தீனி கிடையாது. வெந்ததும் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்துவிட வேண்டும், அந்தத் தோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குழந்தையைத் திணற வைக்கும். தோல் போனால் உள்ளே வெண்ணெய்தான். இரண்டாக நசுக்கிப் போடுகிறேன். பச்சைப் பட்டாணியையும் ஒவ்வொன்றாக நசுக்கித்தான். பேரிக்காயைப் பச்சையாகக் கொடுப்பதில்லை, நம் நாட்டுப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும், ஆவியில் வேக வைத்து நீளவாக்கில் வெட்டுகிறேன். பச்சைக் கேரட், முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் இவை எந்த டப்பாவிலும் ஏறாது. ஒன்பது குழந்தைகளுக்கு நடுவில் ஒரு குழந்தைக்கு மூச்சு அடைத்தால் சத்தம்கூட வராது என்று மனைவி சொன்னார். அந்தப் பேச்சு எனக்குள் இன்னும் இருக்கிறது.

ராகி விஷயம் கொஞ்சம் நீளம். 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 500. அதனால் ராகியை விட மனசில்லை. சாதா ராகிமாவில் கூழ் காய்ச்சினால் ஆறியதும் பசை. முளைகட்டிய ராகிமாவில் காய்ச்சினால் இளகியே இருக்கிறது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது, அதே தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் மாவு போடலாம். ஆனால் கொடைக்கானல் குளிரில் ராகி முளைப்பதில்லை. அம்மா வீட்டில் ஓர் இரவில் வெள்ளை முனை காட்டும், இங்கே மூன்று நாள் ஈரத்துணியில் கட்டி வைத்து, புளித்த வாடை வந்ததுதான் மிச்சம். பழைய தெர்மோகோல் பெட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டிலை வைத்து, நடுவில் ராகி மூட்டையை வைத்து மூடினேன். காலையும் இரவும் வெந்நீரை மாற்ற வேண்டும். உள்ளே 28 டிகிரி நின்றது. ஒன்றரை நாளில் முளை வந்தது. நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, அரைத்துக்கொண்டேன்.

அதே பெட்டிதான் இட்லி மாவுக்கும். இரவு எட்டரைக்கு உள்ளே வைத்தால் காலை ஐந்தரைக்குப் பொங்கியிருக்கிறது. பெட்டி வருவதற்கு முன்னால் ஜனவரியில் எங்கள் வீட்டு இட்லி கல்தான். இப்போது மாவில் கேரட் துருவல் கலந்து சின்னக் குழியில் ஊற்றிய இட்லி, நாலாக வெட்டி, நெய் தொட்டு, பத்தரைத் தீனிக்குப் போகிறது. சூடாக டப்பாவில் மூடினால் வேர்த்து, அடியில் நொதநொதவென்று ஆகும். ஆறவிட்டு மூடினால் பத்தரைக்கு மெத்தென்று இருக்கிறது. ஆனால் மூன்றரைக்கு அதையே அனுப்புவதில்லை, அதற்குள் விளிம்பு காய்ந்துவிடும். மூன்றரைக்குப் பழம், அவ்வளவுதான்.

இரும்புச் சத்து பற்றியும் சொல்ல வேண்டும். பாப்பா முதல் நாட்களில் சாப்பாட்டை மறுத்ததால் அக்காவும் நாங்களும் பாலாகவே கொடுத்தோம். ஒரு நாளைக்கு 700 மில்லிகூடப் போயிருக்கும். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் கேட்டுவிட்டு, அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், பால் வயிற்றை நிரப்பிச் சோற்றை விரட்டும், பாலில் இரும்பு மிகக் குறைவு, இரத்தசோகை வரும் என்றார். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சின்ன வயிற்றுக்கு அது சாமானியமான அளவு அல்ல. முருங்கைக்கீரை இந்தக் குளிரில் வளராது. அம்மா வாரம் ஒருமுறை வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார்கள். உருவி, பொடியாக நறுக்கி, வேக வைத்து அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டி, குழைசாதத்தின் கடைசிக் கொதியில். அன்றைக்குத் தக்காளியும் சேர்ப்பேன், அதில் இருக்கும் வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும். டீ மட்டும் ஒரு வாய்கூடக் கூடாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று ஒரு மிடறு டீ கொடுப்பது இங்கே வழக்கம். டீயில் இருக்கும் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்து, "பொறந்ததுல இருந்தே கேக்குறேன், நாக்குல ஒரு சொட்டு தடவ விட மாட்டேங்குற" என்றார். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோய் வரலாம், தேனில் இருக்கக்கூடிய அந்தக் கிருமியின் வித்துகளைத் தாங்கும் குடல் அந்த வயதில் கிடையாது, அதனால்தான் தடுத்தேன் என்று விளக்கினேன். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனாலும் இரண்டு வயது வரை சர்க்கரையோ வெல்லமோ தேனோ டப்பாவில் சேர்ப்பதில்லை என்று இருக்கிறோம். மலைவாழையின் இனிப்பே அவளுக்குத் தாராளம். பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை, மறு வாரம் தோட்டத்து சௌசௌ நாலு கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் வாங்கி வந்ததும் ஒன்றரை மணி நேரம் இந்த வேலைதான். கேரட், பீட்ரூட் ஆவியில் வேக வைத்து விரல் நீளத்துக்கு வெட்டித் தட்டில் பரத்தி உறைய வைப்பது, கீரைக் கட்டி, ராகிமாவு, பருப்புப்பொடி. உறைந்த கேரட்டைக் காலையில் ஆவியில் ஐந்து நிமிடம் காட்டினால் முன்னைவிட மெதுவாகவே இருக்கிறது. வார நாளில் காலை ஆறரைக்கு அரிசி பருப்பு ஊறவைப்பது, ஏழுக்குக் குக்கர், ஏழரைக்குப் பிளாஸ்க்கில் வெந்நீர், 7.45-க்கு மூடுவது. முதலில் இதற்கே ஒன்றேகால் மணி நேரம் ஆனது, இப்போது பாப்பாவைக் குளிப்பாட்டுவதற்கு நடுவிலேயே முடிகிறது.

டப்பா மாறிப்போவது ஒரு தொல்லை. இன்சுலேஷன் டேப்பில் பேர் எழுதி ஒட்டினேன், நாலு நாளில் வெந்நீரில் உரிந்தது. அம்மா வத்தலக்குண்டுப் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய்ப் பேர் வெட்டி வாங்கி வந்தார்கள். பேருக்குக் கீழே நான் சொன்னபடி ஒன்றில் 10.30, இன்னொன்றில் 3.30. உதவிக்கு இருக்கும் பெண் மாறினாலும் எது எப்போது என்று கேட்க வேண்டியதில்லை. பிளாஸ்க்கில் மட்டும் வெட்ட விடவில்லை, வெளிச்சுவர் மெல்லிய தகடு, நசுங்கினால் உள்ளே இருக்கும் வெற்றிடம் போய்விடும். அதற்குத் துணிப்பை தைத்து, பையில் மனைவி 12.15 என்று நூலால் போட்டுக் கொடுத்தார்.

பிளாஸ்க் மூடியில் ஒரு ரப்பர் வாசர் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் சாதத்தில் லேசான ஊசல் வாடை வந்து, எதனால் என்று தெரியாமல் என் டப்பாவை மூன்று முறை முகர்ந்தேன். வாசரை நெம்பி எடுத்துப் பார்த்தால் அடியில் கறுப்புப் பூஞ்சை. அன்றைய சாப்பாட்டைக் கொடுக்க வேண்டாம் என்று உடனே அக்காவுக்கு போன் செய்தேன். வாழைப்பழத்திலும் பாலிலும் அன்றைய மதியத்தை ஓட்டினார். இப்போது தினமும் இரவு வாசரையும் குமிழையும் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீரில் முக்கி எடுத்து, அடுப்புக்கு மேலே இருக்கும் ஆணியில் தனித்தனியாக மாட்டுகிறேன். இந்த ஊரில் ஜன்னலோரம் வைத்தால் காலையிலும் ஈரமாகவே இருக்கும். காலையில் கையால் தடவி, ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் பூட்டுவது. மாற்று வாசர் ஒன்று வாங்கி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்று 12.15-க்கு என் டப்பா 64. பாப்பா மூன்று கரண்டி மிச்சம் வைத்தாள், கேரட் முழுக்கத் தீர்ந்தது. கீழே வலப்பக்கம் கடைவாய்ப் பல் ஒன்று வெள்ளையாகத் தெரிகிறது, அடுத்த வாரம் தண்ணீரை ஒரு கரண்டி குறைத்துப் பார்க்க வேண்டும்.